10 ஆண்டு கழித்து வேகம் கூடிய புயல்!
புயல் ஓய்ந்து 10 வருஷம் கழித்து அதன் வேகம் கூடுமா? கூடியது!

1992 ஆகஸ்டு 24-ந்தேதி அமெரிக்காவின் புளோரிடாவை 'ஆண்ட்ரூ' புயல் சூறையாடியது. உச்ச வேகம் மணிக்கு 145 மைல் என்றார்கள்.

தரையில் இருந்த பல கருவிகள் காற்றிலேயே பழுதாகி விட்டன. கருவியே போயிட்டா கணக்கு ஏது? விமானம் வானத்தில் அளந்த வேகத்தில் சுமார் முக்கால் பங்கு தரையில் இருக்கும் என்று போட்ட கணக்குதான் அது.

முக்கால் இல்லை!

1997 முதல் புயலுக்குள் பாராசூட்டில் புதுவகைக் கருவிகளைப் போட்டுப் பார்த்தார்கள். முக்கால் அல்ல, சுமார் 90 சதவீதம் என்று தெரிந்தது. 2002-ல் ஆண்ட்ரூவின் வேகம் 165 மைல் ஆனது. 4-ம் ரகப் புயல் 5-ம் ரகத்துக்கு ஏறியது.

செத்தவர்களுக்கு இதனால் என்ன லாபம்? இனி வீடு கட்டுகிறவர்களுக்கு உண்டு. 145 மைலுக்குப் போட்ட கூரை 165-க்குத் தாங்குமா?