குளக் கணக்கும் கணினியும்

வன்னி குளங்களால் வாழும் நாடு. சிறுபோகத்துக்கு முன் கமக்காரரும் அதிகாரிகளும் ஒன்றுகூடி, குளத்தில் நிற்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனத் தீர்மானிக்கும் வழக்கத்தை நம்முள் அறியாதார் இலர். வரப்போகும் மாதங்களை எண்களால் முன்கூட்டியே நிகழ்த்திப் பார்க்கும் செயலே அது. அதனையே இன்று கணினியின் துணைகொண்டு விரிவாகச் செய்கின்றனர். மாதிரியுரு அமைத்தல், போலச் செய்து பார்த்தல் எனப் பெயரும் இட்டுள்ளனர். இக்கல்வி எல்லாத் துறை மாணவர்க்கும் உரியது என்பதே எமது துணிபு.

கலையும் வர்த்தகமும் உயிரியலும் பயில்வோர்க்கு இக்கணிதம் விளங்குமோ எனச் சிலர் ஐயுறுவர். ஒரு குளத்தில் 1,000 ஏக்கரடி நீர் உளதெனக் கொள்வோம். ஆவியாதலாலும் கசிவாலும் 200 கழியின் எஞ்சுவது 800. ஓர் ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கரடி வேண்டுமெனின் 200 ஏக்கர் விதைக்கலாம். 5 வேண்டுமெனின் 160 ஏக்கரே விதைக்கலாம். ஓர் எடுகோள் மாறியதும் 40 ஏக்கர் குறைந்துவிட்டது. அது பல குடும்பங்களின் சோறு அன்றோ? இதற்கு வேண்டியவை கூட்டலும் கழித்தலும் வகுத்தலுமே. இக்கணக்கை நாள்தோறும், மழை பொய்த்த ஆண்டுக்கும் மிகுந்த ஆண்டுக்குமாக, சலியாது செய்து காட்டுவதே கணினியின் தொண்டு.

இத்துறையை வளர்த்தோரும் ஒரு துறையினர் அல்லர். மலேரியாக் கிருமியை நுளம்பின் உடலில் 1897 இல் கண்டறிந்த றொனால்ட் றொஸ் ஒரு வைத்தியர். நுளம்பு முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழ்க் குறைத்தாலே நோய் தானே ஒழியும் என்பதை அவர் பின்னர்க் கணிதத்தால் காட்டினார். மலேரியாவால் நெடுங்காலம் வாடிய வன்னியார்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். இலங்கை அந்நோய் நீங்கிய நாடென 2016 இல் அறிவிக்கப்பட்டது. பொருளியலாளரான தோமஸ் ஷெலிங் 1971 இல் வெளியிட்ட ஆய்வில், அயலவர் பற்றிய சிறு விருப்பு வேறுபாடே ஊர் முழுவதையும் இனவாரியாகப் பிரித்துவிடக் கூடும் எனக் காட்டினார். அதனைச் சதுரங்கப் பலகையில் நாணயங்களை நகர்த்தியே செய்து பார்க்கலாம். சமூகவியல் மாணவருக்கு இதனிலும் சிறந்த முதற்பாடம் யாது?

2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்பொழுது திறந்திருக்க வேண்டும் என்ற வினா அப்போது எழுந்தது. அத்தகைய வினாவுக்குப் பொறியியலாளர் தனித்து விடை கூறல் அரிது. நீர்வரத்தை அவர் கணிக்கலாம். பயிரின் நிலையை விவசாயம் பயின்றோரும், கீழ்ப்புறத்தில் வாழ்வோர் யாவர், எச்சரிக்கை அவர்களை எவ்வளவு நேரத்தில் சென்றடையும் என்பதைச் சமூகம் பயின்றோரும் கூற வேண்டும்.

ஆதலின் பல துறை மாணவரையும் ஒரே குழுவில் அமர்த்திப் பயிற்றுதல் வேண்டும். அதற்கு நிலைக்களன் இங்கேயே உண்டு. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள. முதலில் தாளும் பென்சிலும், பின்னரே கணினி என்ற முறை நன்று. அழகிய வரைபுக்குப் புள்ளி வழங்காது, தன் எடுகோள்களை ஒளியாது எழுதி, உண்மைப் பதிவோடு ஒப்பிட்டு, எங்கே பிழைக்கிறது எனக் காட்டுபவனுக்கே வழங்குக. "கணினி சொல்லிற்று" என்பதை வேதவாக்காகக் கொள்ளும் பட்டதாரி, கணக்கு அறியாதவனிலும் ஆபத்தானவன்.

பல்கலைக்கழகம் வரை காத்திருத்தலும் வேண்டா. விழாக் காலத்தில் கட்டடம் எழுப்ப முன்வரும் பழைய மாணவர், கல்லூரி முற்றத்தில் ஒரு மழைமானியும் அதன் அருகே ஒரு பதிவேடும் வைக்க உதவுவாராக. உயர்தர வகுப்பின் எல்லாப் பிரிவு மாணவரும் முறைவைத்து நாள்தோறும் அளந்து எழுதுக. பத்து ஆண்டுப் பதிவு சேருமாயின், அயற்குளத்தின் கணக்கை நம் பிள்ளைகளே செய்து, சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் முன் வைத்து, அவர்தம் வினாக்களுக்கு விடையும் கூறுவர்.