சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டு... வீட்டிலேயே மாற்றலாமா?

“எங்களிடம் இருக்கும் பழைய மாருதி ஆல்டோ காரில்தான் குடும்பமும் போகிறது, சந்தைக்குக் காய்கறி மூட்டைகளும் போகின்றன. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக்... டக்...’ என்று சத்தம் வருகிறது. ‘பால் ஜாயின்ட் போய்விட்டது’ என்கிறார்கள். இதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா?”

- வாசகர், தாராபுரம்.

முடியும். ஆனால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு, வண்டியின் ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இது வீட்டு வேலையா, பட்டறை வேலையா என்பதை முடிவு செய்வது அந்த ஸ்பிரிங்தான்.

நம் தோள்பட்டையில் எலும்பின் உருண்டை முனை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து நாலா பக்கமும் சுழல்கிறது அல்லவா? பால் ஜாயின்டும் அப்படித்தான். லோயர் ஆர்ம் என்கிற கீழ்க்கையையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் மூட்டு அது. உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் உறை. அந்த உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். கிரீஸ் வெளியேறும். பிறகு உருண்டையும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்துத் தின்னும். சேற்றிலும் மண் பாதையிலும் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரமே நடக்கும். தேய்மானம் முற்றினால், உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அந்த நொடியே சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது’ என்பது காருக்கும் பொருந்தும். எனவே, சத்தம் கேட்ட பிறகு ‘அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

முதலில் சோதனை!

முன்பக்கச் சத்தம் எல்லாமே பால் ஜாயின்ட் சத்தம் அல்ல. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால், வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால், பால் ஜாயின்ட் மீது சந்தேகம் வலுக்கும். டயரின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங் பக்கம் இருக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள். கடைசியாக, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கடப்பாரை போன்ற கம்பியைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். மூட்டு மேலும் கீழும் துள்ளினால், மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்பிரிங் எங்கே?

ஆல்டோ, மாருதி 800 போன்ற சிறிய கார்களில் முன்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த ஸ்ட்ரட்டுக்குள் அடங்கியிருக்கும். வண்டியின் பாரத்தை ஸ்ட்ரட் தாங்கிக்கொள்ளும். கீழே இருக்கும் பால் ஜாயின்ட், சக்கரத்தை இடம் மாறாமல் பிடித்திருக்கும். இந்த வகையில், சக்கரத்தைத் தொங்கவிட்டு மூட்டைக் கழற்றினாலும் ஸ்பிரிங் வெளியே வராது. பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் செய்யலாம்.

ஸ்கார்பியோ, இன்னோவா போன்ற பெரிய வண்டிகளில் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் என்று இரண்டு இருக்கும். ஸ்பிரிங்கின் விசை கீழ் ஆர்ம் மீது இறங்கும். ஆர்முக்கு முட்டுக்கொடுக்காமல் இந்த மூட்டைப் பிரித்தால், அடக்கி வைத்த ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அடித்துத் தள்ளும். அதன் வழியில் இருக்கும் கையோ, தலையோ தப்பாது. இந்த வகை வண்டிகளை அனுபவம் உள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள். அங்கே கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல.

ஜாக்கியை நம்பாதீர்கள்!

சிமென்ட் தரையில் வேலை செய்யுங்கள். களத்து மண்ணில் ஜாக்கி சாயும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல், ஹாலோபிளாக் அடுக்குவது உயிருக்கு ஆபத்து. அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால், அது இரண்டாவது காவல்.

கழற்றும் முறை!

முந்தைய நாள் மாலையே துருப்பிடித்த நட்டு, போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். சில வண்டிகளில் மூட்டின் தண்டை நக்கிளில் குறுக்கு போல்ட் பிடித்திருக்கும். தண்டில் ஒரு பள்ளம் இருப்பதால், அந்த போல்ட்டை முழுதாக உருவினால்தான் மூட்டு இறங்கும். வேறு சிலவற்றில் கூம்புத் தண்டும், ஸ்பிலிட் பின் போட்ட நட்டும் இருக்கும். பின்னை எடுத்து, நட்டை நாலைந்து மரை மிச்சம் வைத்துத் தளர்த்தி, பால் ஜாயின்ட் புல்லரால் பிரியுங்கள். மரை மீது சுத்தியலால் அடிக்கக் கூடாது. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. இரும்பின் பதம் கெட்டுவிடும். முன்சக்கரத்தை இன்ஜின் இழுக்கும் கார்களில், நக்கிளை வெளிப்பக்கம் அதிகம் இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் கழன்று வரக்கூடும். பிரேக் ஹோஸும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டு மட்டும் போல்ட்டில் பிடித்திருந்தால், அதை மட்டும் மாற்றலாம். ஆர்முடன் ஒன்றாக வரும் வகை என்றால், முழு ஆர்மையும் மாற்ற வேண்டும். ஆர்மில் அழுத்திச் செருகிய வகை என்றால், ஆர்மைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோணலாக உட்காரும். தேய்ந்த மூட்டில் வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது, விபத்தைக் கையோடு கூட்டிப்போவதற்குச் சமம்.

மாட்டும்போது...

கூம்புத் தண்டும் அது உட்காரும் துளையும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. அந்த வண்டிக்கான சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால், நட்டைப் பின்னால் தளர்த்தாமல், சற்று முன்னால் இறுக்கியே நேராக்குங்கள். பழைய பின்னையும், ஒருமுறை பயன்படுத்திய லாக் நட்டையும் திரும்பப் போடாதீர்கள். லோயர் ஆர்மைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்டாண்டு அப்படியே இருக்க, ஆர்மின் முனையை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, வண்டி வழக்கமாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் புஷ் முறுகி சீக்கிரம் கிழியும்.

ஒரு பக்கம் போயிருந்தால், மறுபக்கத்தையும் அதே சோதனை செய்யுங்கள். இரண்டும் ஒரே பாதையில் ஓடியவைதானே? வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டிப்போய், வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், மிச்சம் பிடித்த கூலியை டயர் தின்றுவிடும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

டார்க் ரெஞ்ச், புல்லர், ஸ்டாண்டு இந்த மூன்றும் கைவசம் இல்லையென்றால், சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனாலே, தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்காது. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். முன் சக்கரத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்து அசைத்து, டை ராட் எண்டு மூட்டுகளை உழவுக்கு இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.