கழுவிய பாதங்கள் எந்தத் தெருவில் நடக்கும்?

பெரிய வியாழன் மாலை பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். மறுநாள் சிலுவைப்பாதை. சனி இரவு ஒரே பாஸ்கா திரியிலிருந்து எல்லார் மெழுகுவர்த்திக்கும் நெருப்பு. பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், யார் பிணம் எந்த வழியில் போகும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பாகுபாடு பொறுக்க முடியாமல் தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளைச் சாதிக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். அடித்தவர் கையிலும் அடிபட்டவர் கையிலும் அதே ஜெபமாலை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியதும் இதே விசுவாசம்தான்.

இதைப் பேசினால் சங்கிகளுக்கு வசதியாகிவிடும் என்பார்கள். தோழர்களே, அவர்களுக்கு வசதி செய்வது அந்தச் சுவர், அதைச் சுட்டும் விரல் அல்ல. தலித் கிறித்தவர்களைப் பட்டியலிலிருந்து விலக்கும் 1950 குடியரசுத் தலைவர் ஆணை அநீதி. அதை டெல்லியில் எதிர்க்கும் ஆயர்கள் தம் மறைமாவட்டத்திலும் வாய் திறக்கட்டும்.

சாதிப் பாகுபாடு பாவம் என்று 2016இல் ஆயர் பேரவையே சொல்லிவிட்டது. பாவத்துக்குப் பரிகாரம் உண்டு என்று கற்பிப்பவர்களும் அவர்களே. அப்படியானால், தனிக் கல்லறை ஒழியும்வரை அந்தப் பங்கில் தேர் ஓடாது என்று அறிவியுங்கள். பாதம் கழுவியது போதும், பாதையைத் திறங்கள்.