கொல்லைப்புறத்தில் ஒரு குற்றாலம்!

ஒருநாள் ராத்திரி, என்கூட சிவில் படிச்ச நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். கூடவே ஒரு புதிர்: "இது எந்த ஊர் அருவி? கண்டுபிடிச்சா ட்ரீட்!"

பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய பாறைகள். நடுவில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து ரெண்டு தட்டா தண்ணி இறங்கி, கரும்பச்சையான ஒரு மடுவில் விழுது. நானும் கும்பக்கரை, சுருளி, பாபநாசம்னு வரிசையா அடிச்சு விட்டேன். எல்லாமே அவுட்! "மண்டு, அது எங்க வீட்டுக் கொல்லைடா. ஸ்விட்சைப் போட்டா கொட்டும், ஆஃப் பண்ணினா நின்னுடும்"னு பதில் வந்துச்சு.

பயல் இருக்கிறது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரம். கோடையில் 45 டிகிரி செல்சியஸ் எல்லாம் அங்கே சகஜம். ஊரைச் சுத்தி ஆளை விட உசரமா கள்ளி நிக்கிற பாலைவனம். அங்கே அருவி! பாறைகளும் அக்மார்க் டூப்பு. தட்டினா காலிப் பானை மாதிரி சத்தம் வருமாம்.

நிஜப் பாறையையே கொண்டு வந்து போட்டா என்னன்னு கேட்டேன். கணக்குப் போடச் சொன்னான். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு மீட்டர் இருக்கிற கருங்கல்லு 2.7 டன் எடை. அதை வீட்டுக்குப் பின்னால இறக்க கிரேன் வேணும். கிரேன் உள்ளே வர பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பிரிக்கணும். அதே அளவில் அரை அங்குலக் கனத்துக்கு சிமென்ட் ஓடு செஞ்சா, அடிப்பக்கம் போக அஞ்சு பக்கத்துக்கும் சேர்த்து 130 கிலோதான் வரும். நாலஞ்சு பேர் 'ஐலசா' போட்டா முடிஞ்சுது.

செய்யறதுல ரெண்டு வழி. முதல் வழி, மலைக்குப் போய் நிஜப் பாறை மேல லேடக்ஸ் ரப்பரை அடுக்கடுக்கா பூசி, காய்ஞ்சதும் தோல் மாதிரி உரிச்சு எடுத்து, அந்த அச்சுல கண்ணாடி இழை கலந்த சிமென்ட்டை அடிக்கிறது. சாதாரண கண்ணாடி இழையை சிமென்ட்டோட காரமே அரிச்சுத் தின்னுடும். அதனால ஜிர்கோனியா சேர்த்த ஸ்பெஷல் இழை. இதுல ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே அச்சுல அஞ்சு பாறை எடுத்து வரிசையா வெச்சா, ஒரே அம்மா பெத்த அஞ்சு பசங்க மாதிரி மாட்டிக்கும். தலைகீழா, சாய்வா, திருப்பித் திருப்பி வெச்சாத்தான் தப்பிக்கலாம்.

ரெண்டாவது வழிதான் கலை. முறுக்குக் கம்பியை வளைச்சு எலும்புக்கூடு கட்டி, மேல வலை போர்த்தி, மெஷினால கலவையைப் பீய்ச்சி அடிப்பாங்க. கலவை பாதி இறுகி, நகம் பட்டா பதியற பக்குவம் வருமே... அந்தக் கொஞ்ச நேரம்தான் சிற்பிக்கு. கரணை, பிரஷ், கசக்கின பிளாஸ்டிக் தாள்னு கையில கிடைச்சதை எல்லாம் வெச்சு வெடிப்பும் சொரசொரப்பும் கொண்டு வருவாங்க. அதுக்கு மேல காபி டிகாக்‌ஷன் மாதிரி நீர்த்த சாயம், ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு கோட்டிங். ஒரே கலர் அடிச்சா பாறை இல்லை, கல்யாண மண்டப செட்டு!

இது ஏதோ ஹாலிவுட் சமாசாரம்னு நினைச்சா ஏமாந்தீங்க. இங்கிலாந்தில் 1800-களின் நடுவிலேயே ஜேம்ஸ் புல்ஹாம்னு ஒரு குடும்பத்து ஆளுங்க இதையே பரம்பரைத் தொழிலா செஞ்சாங்க. செங்கல், உலைக் கசடு எல்லாத்தையும் குவிச்சு, மேல சிமென்ட் பூசி, பாறை அடுக்கு மாதிரியே கீறி விடுவாங்க. அதுக்குப் பேரே 'புல்ஹாமைட்'. லண்டன் பேட்டர்சீ பார்க்கில் இன்னிக்கும் பார்க்கலாம். பாரிஸில் பழைய ஜிப்சம் குவாரி ஒண்ணை 'பூட் ஷோமோன்'னு பூங்காவா மாத்தி 1867-ல் திறந்தப்ப, செயற்கைக் குகை கட்டி, பம்ப் வெச்சுத் தண்ணி ஏத்தி, உள்ளேயே அருவி விட்டாங்க.

அட, நாம மட்டும் என்ன சளைச்சவங்களா? மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறைக்கு நடுவில் ஒரு வெடிப்பு இருக்கே, நாகர்கள் நீந்தி மேல போற இடம்... அதுக்கு மேல பாறை உச்சியில் தொட்டி இருந்ததுக்கான தடயம் உண்டு. விசேஷ நாள்ல தண்ணியைத் திறந்துவிட்டு கங்கை இறங்கற மாதிரி காட்டியிருப்பாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஏழாம் நூற்றாண்டு! அங்கே பாறை ஒரிஜினல், அருவி மட்டும் செட்டப்.

மறுபடி ஃபீனிக்ஸ். நண்பன் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு பத்து வீட்டு நீச்சல் குளத்தையாவது போய்ப் பார்த்திருக்கான். பாதிக்கு மேல 'எரிமலை கேஸ்'னு சொன்னான். சமதரையில் கல்லைக் கும்பலா குவிச்சு, உச்சியிலிருந்து தண்ணி கொப்பளிக்கும். வடை தட்டுல சட்னி ஊத்தின மாதிரி. ஏன் கண்ணு ஏத்துக்க மாட்டேங்குது? தண்ணி மேட்டிலிருந்துதானே வரணும்? அருவிக்குப் பின்னால அதை விட உசரமா ஒண்ணும் இல்லைன்னா, இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கும். அதனால நல்ல டிசைனர் முதல்ல அருவியைத் தொட மாட்டார். தோண்டின மண்ணை பின்பக்கம் கொட்டி மேடாக்கி, அது மேல செடி வெச்சு, அருவியை அதோட இடுப்புலேர்ந்து இறக்குவார். பாறையில் மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள புதையணும். அடுக்குக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயணும். ஒரு பாறை கிழக்கே சாய்ஞ்சு, பக்கத்துப் பாறை மேற்கே சாய்ஞ்சா லாரியிலிருந்து கொட்டின மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு காரணம் இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம்.

தண்ணி விழற உதடு இன்னொரு தலைவலி. டம்ளர்லேர்ந்து டவராவுக்கு மெதுவா காபி ஊத்திப் பாருங்க... டம்ளரோட வெளிப்பக்கமாவே வழிஞ்சு ஓடும். பாறையிலும் அதே கதைதான். உதட்டை வெளியே நீட்டி, அடியில் ஒரு காடி எடுத்துவிட்டாத்தான் தண்ணி பிரிஞ்சு திரை மாதிரி விழும். எவ்வளவு தண்ணி வேணும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் தூங்காம 'நாட்ச்' எக்ஸ்பெரிமென்ட் பண்ணினவங்க கை தூக்குங்க! ரெண்டடி அகல உதட்டுல ஒரு சென்டிமீட்டர் உசரம் தண்ணி வழிய, நிமிஷத்துக்கு தோராயமா 65 லிட்டர். ரெண்டு சென்டிமீட்டர் வேணும்னா 130 இல்லை, 185 லிட்டர்! உசரத்தோட ஒன்றரை அடுக்குல ஏறும். பம்ப் வாங்கும்போது இது தெரியலைன்னா கரன்ட் பில்லுல தெரியும்.

குளத்தோட உள்பக்கம் நீல டைல்ஸ் வேண்டாம்னு நண்பன் முடிவு பண்ணினான். கரும் சாம்பல் நிறத்தில் கூழாங்கல் பூச்சு. தண்ணி கறுத்து, வானமும் பாறையும் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. போட்டோவில் என்னை ஏமாத்தினது பாதி அந்தக் கறுப்புதான். ஆனா, அங்கேதான் வினை.

பிளான்படி அருவிக்கு நேர் கீழேதான் ஆழம், எட்டரை அடி. தோண்டப் போனா, நாலு அடியில் 'கலீச்சி' தட்டுச்சு. அரிசோனா மண்ணுல சுண்ணாம்பு இறுகிப் பாறை மாதிரி கிடக்கிற அடுக்கு, நம்ம ஊர் சுக்கான் கல்லோட சித்தப்பா முறை. உடைக்க தனி ரேட். "ஆழத்தை எதிர்ப்பக்கம் மாத்திடலாம், மேலேர்ந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது"ன்னு சொன்னது கான்ட்ராக்டர் இல்லை. நம்ம சிவில் இன்ஜினீயரேதான்! காசு மிச்சம். அருவிக்குக் கீழே நாலடித் தண்ணி. கறுப்புத் தரை. மேல அஞ்சடி உசரத்தில், ஆள் நிக்கிற மாதிரி தட்டையா ஒரு பாறை.

அவன் பையன் ஒன்பதாவது படிக்கிறான். லீவுல ஒருநாள் ஃப்ரெண்ட்ஸ் சூழ்ந்து நிக்க, அந்தப் பாறையிலிருந்து குதிச்சுட்டான். நல்லவேளை, காலை முன்னால விட்டுக் குதிச்சான். குதிகால் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. தலையை முன்னால விட்டிருந்தா கழுத்து. நண்பன் போனில் அதைச் சொல்லும்போது குரலே சரியில்லை.

"ஏன்டா குதிச்சே, ஆழம் தெரியாதா"ன்னு பையனைக் கேட்டிருக்கான். "அருவிக்கு அடியில் ஆழமாத்தானேப்பா இருக்கும்"னானாம் பையன்.

அவன் சொன்னது தப்பே இல்லை. நிஜ அருவி விழுந்து விழுந்து அடிப்பாறையைக் குடைஞ்சுடும். அதனால விழற இடம்தான் பெரும்பாலும் ஆழம். குற்றாலம் மெயின் ஃபால்ஸில் பாதி வழியில் இருக்கிற பொங்குமாகடல் அந்த மாதிரி ஒரு குழிதான், தண்ணி அதில் விழுந்து நிரம்பித்தான் நம்ம தலையில் இறங்குது. அருவியைப் பார்த்தே இராதவனுக்குக் கூட இது எப்படியோ தோணிடும். பாறை நிறம், வெடிப்பு, சாய்வு, பாசி எல்லாத்தையும் இயற்கை மாதிரி செஞ்சுட்டு, ஆழத்தை மட்டும் மாத்தி வெச்சிருந்தாங்க. பாறை டுபாக்கூரா தெரிஞ்சிருந்தா அந்தப் பையன் சந்தேகப்பட்டிருப்பான். (நிஜ அருவியிலும் கண்ணை மூடிட்டுக் குதிக்காதீங்க பாஸ். வெள்ளம் உருட்டி விட்ட கல்லு உள்ளே எங்கே கிடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?)

இப்போ அருவியும் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் ஓடுது. அந்த வெயில்ல குளத்துலேர்ந்து ஒரு வருஷத்தில் ஆவியாப் போறதே ஏறக்குறைய ஓர் ஆள் உசரத் தண்ணி. அருவி ஓடினா இன்னும் கூட. 2021-ல் கொலராடோ ஆத்துக்கு முதல்முறையா அதிகாரபூர்வமா பற்றாக்குறை அறிவிச்சு, அரிசோனாவோட பங்கை வெட்டினாங்க. அதுக்கப்புறமும் வீட்டுக்குள்ள அருவி விடறது எனக்கு அவ்வளவா உவப்பில்லை. சொன்னேன். அவனும் மறுக்கலை. போதாக்குறைக்கு ஊர்த் தண்ணி உப்புத் தண்ணி, வழிஞ்ச இடமெல்லாம் பாறையில் வெள்ளைக் கோடு. மாசத்துக்கு ஒருதரம் உட்கார்ந்து தேய்க்கிறான்.

மாவுக்கட்டு பிரிச்ச வாரமே அந்தத் தட்டைப் பாறையை அறுத்து எடுத்துட்டாங்க. உள்ளே காலிதானே, அரை நாள் வேலை. அந்த இடத்தில் கால் வைக்க முடியாத சரிவா புதுசா ஒண்ணு செஞ்சு, உச்சியில் நல்ல முள்ளுக் கள்ளியா பார்த்து நட்டிருக்கான். கலீச்சியை உடைக்க மறுபடி ரேட் கேட்டிருக்கான், முன்னால சொன்னதை விட டபுளாம். போன வாரம் புது போட்டோ வந்துச்சு. அருவிக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு போர்டு: 'ஆழம் 4 அடி.' சீனே கெட்டுப்போச்சுடான்னு எழுதினேன். "போர்டு எழுதினது பையன்"னு பதில் வந்துச்சு.