முன்னால் எறிந்தால் ஒரு விதி, பின்னால் எறிந்தால் வேறு விதி: அமெரிக்க ஃபுட்பாலில் ‘லேட்டரல்’ ஏன் இவ்வளவு ரிஸ்க்?

2022 டிசம்பர் 18, லாஸ் வேகாஸ். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸும் 24-24 என்று சமநிலை. நேரம் முடிந்துவிட்டது; கடைசி ஆட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்தோடு கீழே விழுந்திருந்தால் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் பேட்ரியட்ஸின் ரமாண்ட்ரே ஸ்டீவன்சன் பந்தை ஜகோபி மேயர்ஸிடம் தள்ளிவிட, மேயர்ஸ் அதை வெகுதூரம் பின்னால் வீசினார். நடுவில் பாய்ந்து பிடித்த ரெய்டர்ஸின் சாண்ட்லர் ஜோன்ஸ் 48 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 30-24. கதை முடிந்தது.

ஏன் இப்படி ஆனது? இரண்டு வகை பாஸ்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் புரிந்துவிடும்.

ஃபார்வர்ட் பாஸ் என்றால் என்ன?

எதிரணியின் கோல் கோட்டை நோக்கி எறிவது. ஒரு டவுனுக்கு, அதாவது ஒரு முயற்சிக்கு, ஒரே ஒரு முறைதான் அனுமதி. அதுவும் ஆட்டம் தொடங்கும் ‘ஸ்க்ரிமேஜ்’ கோட்டுக்குப் பின்னால் இருந்துதான் எறிய வேண்டும். யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அந்த முயற்சி வீண், அவ்வளவுதான். பந்து பறிபோகாது.

ஆரம்பத்தில் இதற்கு அனுமதியே கிடையாது. எல்லோரும் கூட்டமாக முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். 1905 சீசனில் பலர் உயிரிழந்தனர். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. 1906-ல் ஃபார்வர்ட் பாஸ் சட்டபூர்வமானது.

லேட்டரல் என்றால்?

பக்கவாட்டிலோ பின்னாலோ எறிவது. யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தரையில் விழுந்தாலும் பந்து ‘உயிரோடு’ இருக்கும். எந்த அணி எடுத்தாலும் அது அவர்களுடையது. அதனால்தான் கடைசி நொடியில், இழக்க எதுவும் இல்லாத அணிகள் துணிந்து இதைக் கையில் எடுக்கின்றன.

2018 டிசம்பர் 9-ல் மயாமி டால்ஃபின்ஸ் அதைத்தான் செய்தது. 7 நொடிகள் மீதி, 28-33 என்று பின்தங்கியிருந்த நிலை. ஒரு ஃபார்வர்ட் பாஸ், அடுத்தடுத்து இரண்டு லேட்டரல், 69 யார்டு டச்டவுன். 34-33. அன்றைக்கும் தோற்றது பேட்ரியட்ஸ்தான்!

முன்னாலா, பின்னாலா? யார் சொல்வது?

எறிபவரின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கணக்கில்லை. பந்து கையை விட்ட இடத்தையும், அடுத்து அது தொட்ட இடத்தையும் மைதானத்தின் யார்டு கோடுகளோடு ஒப்பிடுவார்கள். வேகமாக முன்னால் ஓடுபவர் லேசாகப் பின்னால் வீசினாலும், ஓட்டத்தின் வேகத்தில் பந்து முன்னால் போய்விடலாம். சரியாக நேர்கோட்டில் போனால் அது லேட்டரல்தான்.

2000 ஜனவரி 8-ல் ஒரு பிளேஆஃப் போட்டியின் முடிவே இதில் தொங்கியது. கடைசி நொடிகளில் டென்னசி டைட்டன்ஸின் ஃபிராங்க் வைச்செக் மைதானத்தின் குறுக்கே வீச, பிடித்த கெவின் டைசன் 75 யார்டு ஓடினார். எறிந்த இடமும் பிடித்த இடமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில். ரீப்ளே பார்த்த நடுவர் முடிவை மாற்றவில்லை. பஃபலோ பில்ஸ் 22-16 என்று வெளியேறியது. அடுத்து பிளேஆஃபுக்குள் நுழைய அந்த அணிக்கு 2017 சீசன் வரை ஆனது. அது முன்னால் போன பந்துதான் என்று பில்ஸ் ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

அப்போ மேயர்ஸ் செய்தது?

விதிப்படி தவறே இல்லை. கணக்குத்தான் தவறு. டால்ஃபின்ஸுக்கும் டைட்டன்ஸுக்கும் வேறு வழி இல்லை. பேட்ரியட்ஸுக்கோ சமநிலை கையில் இருந்தது. அந்த சீசனை 8 வெற்றி, 9 தோல்வியோடு முடித்த அணி, பிளேஆஃப் வாய்ப்பையும் இழந்தது.