பேச்சிப்பாறை வானத்தில் ஓர் அலக்நந்தா

நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு ராத்திரி. எட்டு மணி வாக்கில் பேச்சிப்பாறையில் தெற்கு பார்த்து நின்றால், ரப்பர் மரங்களுக்கு மேலே ஃபோமல்ஹாட் என்ற நட்சத்திரம் தனியாக மின்னும். கையை நீட்டி, அதிலிருந்து இடப்பக்கமாக ஏறக்குறைய ஒரு சாண் அளந்தால் வருவது வெறும் இருட்டு. நம் நாட்டு ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒரு கேலக்ஸி அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் பெயர் அலக்நந்தா.

வெறும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டு டெலஸ்கோப்புக்கும் சிக்காது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைச் சலித்து இதைக் கண்டுபிடித்தவர்கள் புனே தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும். 2025 நவம்பரில் ஆய்வு வெளியானது.

இதற்குக் கைகொடுத்தது ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டம். சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதற்கும் வெகுதூரம் பின்னால் அலக்நந்தா. கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து, தாத்தாவின் பூதக்கண்ணாடிபோல வேலை செய்தது. கிடைத்த பிரகாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது நமக்கு வந்து சேரும் ஒளி அங்கிருந்து கிளம்பி சுமார் 1,200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. பிரபஞ்சத்துக்கே வயது 150 கோடி ஆண்டுதான். அந்தப் பருவத்துக் கேலக்ஸிகள் உருவம் தேறாமல், கட்டிகட்டியாகக் கலைந்து கிடக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். இதுவோ, இரண்டு கைகளும் அழகாகச் சுற்றிய கைமுறுக்கு! அகலம் சுமார் 30,000 ஒளியாண்டு. ஆண்டுக்குச் சுமார் 60 சூரியன்களின் எடைக்குப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. நம் பால்வீதியைவிட 20 மடங்குக்கும் மேல்.

பெயருக்கும் காரணம் உண்டு. இந்தியில் பால்வீதிக்கு மந்தாகினி என்று பெயர். இமயமலையில் மந்தாகினியின் சகோதரி நதி அலக்நந்தா. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆற்றங்கரையில் இந்தக் கேலக்ஸி அடிவானத்திலிருந்து 30 டிகிரிதான் ஏறும். பேச்சிப்பாறையிலோ 50 டிகிரிக்கு மேல்.

இவ்வளவு சீக்கிரம் சுருள் எப்படி விழுந்தது? குளிர்ந்த வாயு நிதானமாக வந்து சேர்ந்ததாலா, பக்கத்தில் ஒரு குட்டிக் கேலக்ஸி இழுத்ததாலா? தட்டு எந்த வேகத்தில் சுழல்கிறது என்று அளந்தால் பிடி கிடைக்கும். ஜேம்ஸ் வெப்போ சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கியோ அதை அளக்க வேண்டும்.