மாட்டுக்குப் போட்ட ஊசி

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் மரத்தடிகளில் செத்துக் கிடந்த பாறுக் கழுகுகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. கல்லீரல், சிறுநீரகம், இதயம் என எல்லா உறுப்புகளின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போன பறவைக்கு வரும் கதி அது. ஏன் கெட்டது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சாவுதான். ராஜஸ்தானின் பரத்பூரில் கூடுகள் காலியாகிக்கொண்டே வருவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1990-களிலேயே கவனித்து எழுதியிருந்தார். புதுத் தொற்றுநோய் ஏதோ பரவுகிறது என்றே பலரும் நினைத்தார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ், பாகிஸ்தான் பறவையியலாளர்களோடு சேர்ந்து வைரஸ், பாக்டீரியா, பூச்சிக்கொல்லி, நச்சு உலோகம் என்று வரிசையாகத் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் மிகச் சாதாரணமான ஒரு கேள்விக்கு வந்தார்கள். இந்தப் பறவைகள் தின்பது செத்த மாட்டை. அந்த மாட்டுக்குச் சாவதற்கு முன் என்ன மருந்து போட்டார்கள்?

கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்ததில் டைக்ளோஃபெனாக் என்ற பெயர் வந்தது. மூட்டுவலிக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. 1990-களில் மலிவு விலையில் மாட்டு வைத்தியத்துக்குள் நுழைந்திருந்தது. யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-லும் மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. இது எவ்வளவு கொடிய நஞ்சு என்பதற்கு பிரிட்டிஷ், இந்திய ஆய்வாளர்கள் போட்ட ஒரு கணக்கு போதும்: 760 சடலங்களில் ஒன்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தால்கூடப் பாறுகள் இந்த வேகத்தில் அழிந்துபோகும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்தது.

தடை செய் என்று சொல்வது எளிது. காய்ச்சலில் கிடக்கும் பசுவுக்கு விவசாயி வேறு என்ன கொடுப்பார்? அந்த விடை தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அப்போது அழிவின் விளிம்பில் இல்லாத ஆப்பிரிக்கப் பாறு இனத்துக்கு முதலில் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியைக் கொடுத்துப் பார்த்து, பிறகு இந்தியாவில் இங்குள்ள இனங்களிலும் சோதித்து, ஆபத்தில்லை என்று 2006-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தின. எத்தனையோ விஷயங்களில் ஒத்துப்போகாத நாடுகள் ஒரு பறவைக்காக ஒரே திசையில் நடந்தது சின்ன விஷயமில்லை.

பறவைக்காக மட்டும்தானா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயல் ஃப்ராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பாறுகள் மறைந்தபின் முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் கூடுதல் சாவுகள் என்பது அவர்கள் மதிப்பீடு. பாறுக் கூட்டம் ஒரு மாட்டுச் சடலத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அது இல்லாத ஊரில் சடலம் கிடந்து அழுகும், நீர்நிலையில் கலக்கும், நாய்கள் பெருகும். நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் கூடும். மனித நலம், விலங்கு நலம், சூழல் நலம் மூன்றும் ஒன்றே என்று உலக சுகாதார நிறுவனம் முதல் ஐ.நா. சூழல் அமைப்பு வரை இன்று சேர்ந்து சொல்கின்றன. இந்தியாவின் ஊர்ப்புறங்கள் அந்தப் பாடத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டன.

இவ்வளவும் தெரிந்த பிறகு நடந்ததுதான் எரிச்சலூட்டுகிறது. தடைக்குப் பிறகு மனிதர்களுக்கான 30 மில்லி டைக்ளோஃபெனாக் குப்பிகள் மாட்டுக்குப் போயின. 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று சொல்ல 2015 ஆனது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் வந்தன, 2017-இல் தோற்றன. மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக், பாறுகளைக் கொல்லும் கீட்டோப்ரோஃபென் இரண்டுக்கும் 2023-இல்தான் தடை வந்தது. இன்னொரு வலிநிவாரணியான நிமசுலைடுக்கு 2024 டிசம்பர் இறுதி வரை பொறுக்க வேண்டியிருந்தது. இவற்றில் கீட்டோப்ரோஃபெனை வங்கதேசம் 2021-லேயே தடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்வதற்குக்கூட இரண்டு ஆண்டு.

ஐரோப்பாவின் யோக்கியதையும் பெரிதல்ல. ஆசியாவில் இத்தனை நடந்த பிறகு, ஐரோப்பாவிலேயே அதிகப் பாறுகள் வாழும் ஸ்பெயின் 2013-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது. 2020-இல் அங்கே அதே நஞ்சில் ஒரு கரும்பாறு செத்துக் கிடந்தது. ஆய்வு முடிவுகள் எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன.

ஆகவே குறை ஆராய்ச்சியில் இல்லை. அனுமதி கொடுக்கும் முறையில் இருக்கிறது. பாறுகளை எண்ணுவது வனத்துறை, ஊசி போடுவது கால்நடைத் துறை, மருந்துக்கு உரிமம் தருவது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. உரிமம் கொடுக்கும் நாளில் முதல் துறை அந்த அறையிலேயே இருப்பதில்லை. மருந்து சந்தைக்கு வந்து, பறவை செத்து, ஆய்வு நடந்து, வழக்கு முடிந்து, அப்புறம் தடை. அதற்குள் கடைக்காரர் அடுத்த மருந்தை அடுக்கிவிடுவார்.

மாயாறு பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மருது மரங்களில் இன்றும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எண்ணியபோது எல்லா இனமும் சேர்த்து 320 பறவைகள்தான் தேறின. அடுத்த மருந்தையும் விற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்ல இந்த எண்ணிக்கை இடம் தராது.

கால்நடைகளுக்கான புது வலிநிவாரணி எதுவானாலும், பாறுகளுக்குக் கெடுதல் இல்லை என்ற சான்றை நிறுவனமே தன் செலவில், உரிமம் கேட்கும்போதே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்குக் கெடு வைத்து அதே சான்றைக் கேட்க வேண்டும். முடியாத காரியமில்லை. மெலாக்சிகாமைத் தொடர்ந்து டோல்ஃபெனமிக் அமிலமும் இந்தியாவிலேயே பாறுகளில் சோதிக்கப்பட்டுத் தேறியிருக்கிறது. அந்தச் சோதனைகளைப் பெரும்பாலும் பொதுப் பணத்திலும் நன்கொடையிலும் ஆய்வாளர்களே செய்து முடித்தார்கள். மருந்தை விற்று லாபம் பார்த்தவர்களிடம் இதுவரை யாரும் அந்தச் செலவின் பில்லை நீட்டவில்லை.